உள்சக்கரம்

மைல்ஸ் சிட்டியில் நவம்பர்.
கடையின் இரும்புக் கதவை உயர்த்தினால்
முதலில் நுழைவது காற்று,
பிறகுதான் வாடிக்கையாளர்.
இன்று இரண்டு பேர்,
ஒரே வண்டியின்
வேறு வேறு கதவு வழியே இறங்கியவர்கள்.

வெர்லின் ஸ்டோக்கன். அவன் அக்கா ஓடெட்.
வண்டி இருவர் பேரிலும்.
முன்னால் இரண்டு, பின்னால் ஜோடி ஜோடியாய் நான்கு,
இடுப்பு பெருத்த பிக்கப்.
கன்றுகளை ஏற்றி பில்லிங்ஸ் ஏலத்துக்கும்
வைக்கோலை ஏற்றி ஜோர்டனுக்கும்
போய்ப் போய்த் தேய்ந்தது.

‘முப்பத்தேழு அங்குலம்’ என்றான் அவன்,
இடுப்புக்கு மேல் கையைத் தூக்கிக் காட்டி.
அவள் என்னைப் பார்த்துச் சொன்னாள்:
‘கொட்டகை வாசலை யார் உயர்த்துவார் என்று கேளுங்கள்.’
நான் கேட்கவில்லை.
அவனுக்குக் கேட்டிருந்தது.

டேப்போடு அடியில் படுத்தேன்.
பின்னால் இரண்டு டயருக்கும் நடுவே
என் சுட்டுவிரல் நுழைகிறது,
கட்டைவிரல் நுழையவில்லை.
சுமை ஏறினால் தரையோரம் டயர் பிதுங்கும்.
அகலமாய்ப் போட்டால் இரண்டும் தோள் உரசும்,
உரசினால் சூடு,
சூடு முற்றினால்
நெடுஞ்சாலை ஓரத்தில் பட்டை பட்டையாய்
உரித்த ரப்பர்.
அகலக்கால் வைக்காதே என்று
முதலில் சொன்னவன்
இந்த வண்டிக்கடியில் படுத்திருப்பான்.

‘நடுவில் வளையம் கொடுத்துத் தள்ளிப் போட்டால்?’
போடலாம்.
வெளிச்சக்கரம் மட்கார்டைத் தாண்டி எட்டிப் பார்க்கும்,
சரளைக்கல்லை வாரி டிரெய்லர் மேல் எறியும்,
கன்றுகள் கண்ணை மூடிப் பயணிக்கப் பழகட்டும்.

பிறகு கணக்கு சொன்னேன்.
முப்பத்தேழு போட்டால்
முள் அறுபது என்னும்போது வண்டி அறுபத்தொன்பதில் போகும்.
நூறு மைல் ஓடிவிட்டு
எண்பத்தாறு என்று எழுதிக்கொள்ளும்.

‘நமக்குக் கூலி மைல் கணக்கில், வெர்லின்.’

காலையிலிருந்து
அவள் வாயிலிருந்து நேராக அவனிடம் போன
முதல் வாக்கியம்.

அவன் காபி இயந்திரத்தருகே போய்
முதுகு காட்டி நின்றான்.
பகட்டுக்குக் கேட்கவில்லையாம்.
மார்ச்சில், கோஹேகன் பக்கம்,
பனி உருகிய சேற்றில் அச்சு வரை புதைந்து
ஒன்பது மணி நேரம்,
பின்னால் கத்திக்கொண்டே பதினொரு கன்றுகள்.
இதையும் அவள்தான் சொன்னாள்,
குரலைத் தாழ்த்தி,
வண்டியின் மறுபக்கத்திலிருந்து.

ஜாக்கி வைத்து இடப்பக்கம் கழற்றினேன்.
வெளிச்சக்கரம் வந்தது.
அதன் பின்னால் உள்சக்கரம்,
சப்பையாக.
எத்தனை நாளாகவோ.
இருவர் சுமையை ஒருவன் சுமந்திருக்கிறான்,
ரோட்டிலிருந்து பார்த்தால்
ஒரு குறையும் தெரியாமல்.

‘உள்ளே யார் காற்று பார்ப்பது?’

அவன் அவளைப் பார்த்தான்.
அவள் அவனை.

அதற்குப் பிறகு பேச்சு சுருங்கிவிட்டது.
பத்தொன்பதரை அங்குல உருக்குச் சக்கரம்,
லாரி டயரின் தடித்த சுவர்,
சேற்றைக் கவ்வ ஆழமான பற்கள்,
உயரம் முப்பத்துமூன்று.
யார் முதலில் சரி என்றார்கள்,
கவனிக்கவில்லை,
காற்று அடிக்கும் சத்தத்தில் இருந்தேன்.
மாட்டிய பின் விரல் விட்டுப் பார்த்தேன்.
இரண்டு விரல் போகிறது.
உள்சக்கரத்தின் வால்வுக்கு
வெளியே எட்டும்படி ஒரு நீட்டுக்குழாய்.
அதற்குக் காசு வாங்கவில்லை,
பில்லில் மட்டும் எழுதினேன்,
மறக்கக் கூடாதே.

பழைய ஜோடிக்கு நடுவே சிக்கியிருந்த கல்,
முட்டையளவு,
ஜன்னல் விளிம்பில் மற்ற கற்களோடு.

‘ஐம்பது மைல் ஓடியதும் வாருங்கள்,
நட்டுகளை மறுபடி இறுக்க வேண்டும்.’

‘எந்த ஐம்பது?’ என்றாள் ஓடெட்.
‘முள் சொல்வதா, நிஜமாகவா?’

வெர்லின் சிரித்ததில்
காபி கொஞ்சம்
என் புதுத் தரையில்.